ஒரே தடவையாக 30,000 ரூபாய்: பத்து வருஷம் கழித்து என்ன நிற்கும்?

சிற்றுதவி (கேள்வி)

வட சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் வேலை செய்யும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. இந்த வருஷம் கையில் 12 லட்சம் ரூபாய். தையல் மெஷின், இட்லிக் குண்டான் என்று பொருளாக வாங்கித் தருவதற்குப் பதிலாக, 40 குடும்பத்துக்குத் தலா 30,000 ரூபாய் பணமாகவே கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. நிபந்தனை கிடையாது, திருப்பித் தர வேண்டாம்.

அறங்காவலர்கள் கேட்பது ஒன்றுதான்: ஆறு மாசத்தில் நன்றாக இருப்பார்கள், சரி. அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழித்து ஏதாவது மிஞ்சுமா? எங்கேயாவது அத்தனை வருஷம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்களா? 40 பேருக்கு 30,000 கொடுப்பதா, 20 பேருக்கு 60,000 கொடுப்பதா, இல்லை மாசாமாசம் பிரித்துக் கொடுப்பதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தராசுமுள்

பெரும்பாலான ஆய்வுகள் ஒன்றரை, இரண்டு வருஷத்தோடு கணக்கை மூடிவிடும். நீண்ட நாள் விடாமல் போய்ப் பார்த்தவை கொஞ்சம்தான். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உகாண்டா. வடக்குப் பகுதியில் 2008இல் அரசே நடத்திய திட்டம். இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, இன்ன தொழில் கற்போம், இன்ன கருவி வாங்குவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தையல், தச்சு, உலோக வேலை, முடி அலங்காரம் இந்த மாதிரி. தலைக்குச் சுமார் 400 டாலர். தகுதியான குழுக்கள் பணத்தைவிட அதிகம் இருந்ததால் குலுக்கல் போட்டார்கள். அதனால் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பிளாட்மேன், ஃபியாலா, மார்டினெஸ் மூவரும் தொடர்ந்து போய் எண்ணினார்கள். நாலாவது வருஷம் பணம் பெற்றவர்களின் வருமானம் 38 சதவீதம் கூடுதல், தொழிலில் போட்டிருந்த முதலீடு 57 சதவீதம் கூடுதல், வேலை செய்த நேரம் 17 சதவீதம் கூடுதல். ‘சும்மா உட்கார்ந்து தின்பார்கள்’ என்று உங்கள் அறங்காவலர் யாராவது சொன்னால் அந்தக் கடைசி எண்ணைக் காட்டுங்கள்.

ஒன்பதாவது வருஷம் மறுபடி போனார்கள். வருமான வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்திருந்தது. பெற்றவர்கள் சரிந்துவிடவில்லை, பெறாதவர்கள் கூலி, சில்லறை வியாபாரம் என்று எட்டிப் பிடித்துவிட்டார்கள். நின்றது எதுவென்றால் உடைமையும் கைத்தொழிலும். பெற்றவர்களிடம் பொருள் அப்போதும் அதிகம் இருந்தது, தொழில் தெரிந்த வேலையில் இருந்தவர்களும் அதிகம்.

எத்தியோப்பியாவிலும் அதே வடிவம். சுமார் 300 டாலரும் சில நாள் பயிற்சியும் பெற்றவர்களின் வருமானம் முதல் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அஞ்சாவது வருஷத்தில் எல்லாரும் ஒரே மட்டம்.

இதைப் படித்ததும் ‘பார்த்தீர்களா, வீண்’ என்பார்கள். அப்படிச் சொல்பவர் கடைசி வருஷத்தை மட்டும் பார்க்கிறார். இரண்டு பேர், இருவரும் ஒன்பதாவது வருஷத்தில் மாசம் 15,000 சம்பாதிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் அந்த இடத்துக்கு இரண்டாவது வருஷமே வந்தவர், இன்னொருவர் எட்டாவது வருஷம் வந்தவர். நடுவில் உள்ள ஆறு வருஷம் யார் வீட்டில் என்ன வெந்தது என்பதுதான் உங்கள் பணத்தின் பலன். மாசம் 1,500 வீதம் மூன்று வருஷம் கூடுதலாக வந்தாலே 54,000, கொடுத்தது 30,000.

கரையாத கதையும் உண்டு. இலங்கையில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் மூவரும் சிறு தொழில் செய்பவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் கொடுத்தார்கள்; சிலருக்குப் பணமாக, சிலருக்குப் பொருளாக. போட்ட முதலுக்கு மாசம் ஏறக்குறைய 5 சதவீதம் லாபம் கிடைத்தது. வங்கி வட்டியைவிடப் பல மடங்கு. அஞ்சு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஆண்கள் நடத்திய தொழில்களில் அந்தக் கூடுதல் லாபம் அப்படியே நின்றது. கடை மூடாமல் நீடித்ததும் சுமார் 10 சதவீதப் புள்ளி அதிகம். பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக எதுவும் தெரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு, கேட்டால் பிறகு சொல்கிறேன்.

பத்து வருஷம் வரை நின்றது மேற்கு வங்கத்தில். 2007இல் தொடங்கிய அந்தத் திட்டம் வெறும் பணம் கொடுத்ததல்ல: ஆடு, மாடு போல ஒரு உடைமை, சில மாதத்துக்கு வாரப்படி, ஒன்றரை வருஷம் வாராவாரம் வீட்டுக்கு வந்து பேசும் ஒரு ஆள். பானர்ஜி, டுஃப்ளோ, ஷர்மா பார்த்ததில் பலன் ஏழு வருஷம் வரை வளர்ந்துகொண்டே போய் பத்தாவது வருஷமும் நின்றது. வேடிக்கை என்னவென்றால், பத்தாவது வருஷம் அந்த வீடுகளைத் தாங்கியது மாட்டுப்பால் இல்லை. கொஞ்சம் நிமிர்ந்ததும் வீட்டில் ஒரு ஆளை வெளியூர் கூலி வேலைக்கு அனுப்ப முடிந்தது, அந்தச் சம்பளம்தான்.

கொத்தவால்கணக்கு

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா சென்னையில 30,000 ரூபா ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா அது எங்க போகும்னு தெரியணும்னா மொதல்ல அந்த வீட்டுக் கடன் கணக்கைப் பாருங்க. மூணு வகை இருக்கும்.

ஒண்ணு தண்டல். 10,000னு பேரு, கைக்கு வர்றது 8,500. நாளுக்கு 100 ரூபா, 100 நாள். ‘1,500 தானே வட்டி’னு தோணும். அசல் தினம் குறைஞ்சுகிட்டே வருதுங்கறதால வருஷக் கணக்குல போட்டா 120 சதவீதத்தைத் தாண்டும். ரெண்டாவது, நகை அடகு. சேட்டு கடையில ரெண்டு வட்டின்னா மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபா, வருஷம் 24 சதவீதம். மூணாவது, தெரிஞ்சவங்ககிட்ட வாங்குன கைமாத்து, குழுக் கடன்.

பணம் வந்ததும் நல்ல பிள்ளையா ‘தண்டலை அடைச்சுட்டேன்’னு சொல்வாங்க. அதுல ஒரு கண்ணி இருக்கு. தண்டல்ல வட்டியை முன்னாடியே பிடிச்சுட்டாங்க. 60 நாள் கட்டிட்டு மீதி 4,000த்தை ஒரே நாள்ல அடைச்சா, தண்டல்காரர் மனசு வெச்சு தள்ளுபடி பண்ணினாலொழிய, ஒரு ரூபாகூட மிச்சமாகாது. லாபம் அவருக்குத்தான், பணம் சீக்கிரம் வந்துடுச்சு, அடுத்த ஆளுக்கு விட்டுடுவாரு. ஓடுற தண்டலை ஓட விடணும். அடுத்த தண்டல் எடுக்காம இருக்கறதுதான் சேமிப்பு. வட்டி நாளுக்கு நாள் ஏறுற கடனை, அதாவது அடகு நகையை, மொதல்ல மீட்கணும். 15,000 ரூபா நகையை ரெண்டு வட்டியில இருந்து மீட்டா மாசம் 300 ரூபா மிச்சம். அதுக்கு மழை, வெயில், மாநகராட்சி வண்டி எதுவும் குறுக்க வராது.

ஆனா கடனை அடைச்சா வாழ்க்கை மாறிடும்னு நினைக்காதீங்க. இதை நம்ம கோயம்பேடு மார்க்கெட்டுலயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூணு பேரும் அங்க வியாபாரம் பண்றவங்களோட கந்துவட்டிக் கடனை அப்படியே முழுசா அடைச்சுட்டாங்க. பிலிப்பைன்ஸ்லயும் இதையே செஞ்சாங்க. பெரும்பாலானவங்க ஆறு வாரத்துல திரும்பக் கடன்ல. ஒண்ணு ரெண்டு வருஷத்துல, கடன் அடைக்கப்பட்டவங்களுக்கும் அடைக்கப்படாதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல.

ஏன்னு யோசிச்சா புரியும். கடன் பூஜ்யம் ஆச்சு, கையிருப்பும் பூஜ்யம். ஒரு மழைக்கு ரெண்டு கூடை கீரை அழுகினா, பொண்ணு சடங்குன்னு ஒண்ணு வந்தா, அடுத்த நாள் காலையில சரக்கெடுக்க மறுபடி அதே ஆள்கிட்டதான் நிக்கணும். அதனால 30,000ல ஒரு 7,000, 8,000 தொடாம கிடந்தாதான் மீதி 22,000 பிழைக்கும். நிபந்தனையா வைக்காதீங்க, ஆனா இந்தக் கணக்கை உக்கார வெச்சு ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

அடுத்தது எந்த மாசம் கொடுக்கறீங்கங்கறது. மே கடைசியில கொடுத்தா ஸ்கூல் ஃபீஸுக்கும் நோட்டுக்கும் போயிடும். போகட்டும், தப்பில்ல, ஆனா அப்புறம் ‘தொழில் எங்க’ன்னு கேக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில கொடுத்தா தள்ளுவண்டி மழையில மூலையில நிக்கும், மீதிப் பணம் சாப்பாட்டுல கரையும். தை, மாசிதான் சரி. மழை முடிஞ்சு, வெயில் வியாபாரம் தொடங்குற நேரம்.

வண்டிக்கடை போடறவங்களா இருந்தா, மாநகராட்சி கொடுக்கற சாலையோர வியாபாரி அடையாள அட்டை இருக்கான்னு முன்னாடியே பாருங்க. அது இல்லாம 20,000 ரூபா வண்டியை நடைபாதையில நிறுத்தினா ஒரே நாள்ல மொத்தமும் லாரியில ஏறிடும். சாப்பாட்டு வியாபாரம்னா உணவுப் பாதுகாப்புப் பதிவு, சின்னக் கடைக்கு வருஷம் 100 ரூபாதான். வீட்டு சிலிண்டரை வண்டியில வெச்சு மாட்டறதுதான் அடிக்கடி நடக்கற தப்பு. 19 கிலோ வணிக சிலிண்டர் விலையையும் சேர்த்துத்தான் மாசக் கணக்குப் போடணும். அதைச் சேர்க்காம போட்ட லாபம் எல்லாம் பேப்பர்லதான்.

சிற்றுதவி

இரண்டு பதிலுக்கும் நன்றி. தண்டல் விஷயம் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று கேள்வி. மாசம் 1,250 வீதம் 24 மாசம் கொடுத்தாலும் அதே 30,000 தான், அது பாதுகாப்பு இல்லையா? பெண்கள் பெயரில்தான் கொடுப்பதாக இருக்கிறோம். இலங்கையில் பெண்களுக்குப் பலன் இல்லை என்றால் என்ன செய்வது? நன்கொடையாளர் ஒருவர் ‘டாஸ்மாக்குக்குப் போய்விடும்’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், அவருக்கு என்ன சொல்வது?

தராசுமுள்

மாசத் தொகைக்குச் சுருக்கமான பதில்: அதை அரசு ஏற்கெனவே செய்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோதே சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய். ரேஷனில் அரிசி இலவசம். மாசத் தொகை எங்கே போகும் என்று பார்த்தால் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் அன்றாடச் செலவுக்கும்தான். கென்யாவில் ஹாஸ்ஹோஃபர், ஷாப்பிரோ ஆய்வில் மாசாமாசம் பெற்றவர்களிடம் சாப்பாட்டு நிலை தேறியது, மொத்தமாகப் பெற்றவர்கள் நிலைத்த பொருள் வாங்கினார்கள். அங்கே கூரை மேல் போட்ட தகரம் அப்படி ஒரு பொருள்: ஓலைக் கூரையை மாற்றி மாற்றி வேயும் செலவு நிற்கும். அந்த வேலையை 1,250 ரூபாய் செய்யாது.

கென்யாவில் இன்னொரு பெரிய சோதனை இதையே நேராக ஒப்பிடுகிறது. சில கிராமங்களுக்கு இரண்டு வருஷம் மாசத் தொகை, சில கிராமங்களுக்கு அதே அளவை ஒரே தடவையில், சில கிராமங்களுக்கு 12 வருஷம் மாசத் தொகை. 2023இல் வந்த முடிவில் தொழில் தொடங்கியதிலும் வருமானத்திலும் மொத்தத் தொகையும் 12 வருஷத் தொகையும் முன்னால் நின்றன. இரண்டு வருஷ மாசத் தொகை பின்தங்கியது. 12 வருஷம் வரும் என்று தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீட்டு கட்டினார்கள். மாசப் பணத்தைத் தாங்களே மொத்தப் பணமாக மாற்றிக்கொண்டார்கள். நம் தெருவுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தில் நின்றுவிடும் மாசத் தொகைதான் மூன்றிலும் மோசம், நீங்கள் கேட்பது அதைத்தான்.

மலாவி ஒரு எச்சரிக்கை. வளரிளம் பெண்களுக்கு இரண்டு வருஷம் மாசத் தொகை கொடுத்தார்கள். நிபந்தனை இல்லாமல் பெற்றவர்களிடம் கொடுத்த காலத்தில் தெரிந்த நல்ல மாற்றம் நிறுத்தி இரண்டு வருஷத்தில் கரைந்தது. படிப்பை விட்டிருந்து, ‘பள்ளிக்கு வந்தால் பணம்’ என்ற நிபந்தனையில் திரும்பி வந்த பெண்களிடம் மட்டும் படிப்பும், தள்ளிப்போன கல்யாணமும் நின்றன. பணம் தீர்ந்த பிறகும் கையில் ஒன்று இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். படித்த வகுப்பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

பெண்கள் விஷயம். அந்த இலங்கைத் தரவையும் இந்தியா, கானா தரவையும் பெர்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே, ரிகோல் நால்வரும் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். பெண் பெயரில் வந்த பணம் பல வீடுகளில் புருஷன் தொழிலுக்குள் போயிருந்தது. அவள் தொழிலில் லாபம் தெரியாததற்கு அதுதான் காரணம். வீட்டில் அவள் தொழில் ஒன்றுதான் என்றால் லாபம் ஆண்களுடையதற்குச் சமம். ஆகவே, பெண் பெயரில் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவளுடைய பூக்கடையை மட்டும் அளக்காதீர்கள். புருஷன் ஆட்டோவுக்கு டயர் மாற்றியிருந்தால் அந்த லாபமும் உங்கள் பணம்தான். வீட்டு வருமானம் முழுவதையும் கேட்க வேண்டும்.

முழுவதையும் கேட்பதற்கு இன்னொரு காரணம், இப்போது தெலங்கானாவில் இருக்கும் மேடக் மாவட்டத்தில் நடந்தது. மேற்கு வங்கத்தில் வென்ற அதே மாதிரியான திட்டத்தை அங்கே செய்தார்கள். மாடு வந்தது, மாட்டு வருமானமும் வந்தது, வீட்டு மொத்த வருமானம் அசையவில்லை. விவசாயக் கூலி அப்போது ஏறிக்கொண்டிருந்தது. மாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் அந்தக் கூலியை விட்டார்கள். சென்னையில் இது கட்டாயம் நடக்கும். இரண்டு வீட்டில் வேலை செய்து மாசம் 8,000 வாங்கும் பெண் அதை விட்டுவிட்டு இட்லிக் கடை போட்டு 9,000 சம்பாதித்தால், வளர்ந்தது 1,000 தான்.

டாஸ்மாக். எவன்ஸ், போப்போவா இருவரும் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பண உதவியால் குடியும் புகையும் சராசரியாகக் கூடவில்லை. பல இடங்களில் கொஞ்சம் குறைந்தே இருந்தது. உங்கள் நன்கொடையாளர் கண்ணால் பார்த்த ஒரு வீட்டைச் சொல்வார். அந்த வீடும் உண்மையாக இருக்கலாம். அது பணம் வருவதற்கு முன்பும் குடித்த வீடு.

ஒன்று விட்டுவிட்டேன். மிக நீண்ட காலப் பலன் பெற்றவரிடம் இல்லை, அவர் பிள்ளையிடம். அமெரிக்காவில் 1911 முதல் 1935 வரை ஆதரவற்ற தாய்மாருக்கு மாகாணங்கள் உதவித்தொகை கொடுத்தன. விண்ணப்பம் ஏற்கப்பட்ட தாயின் மகன்கள், மறுக்கப்பட்டவரின் மகன்களைவிடச் சுமார் ஒரு வருஷம் அதிகம் வாழ்ந்தார்கள். கென்யாவில் சியாயா மாவட்டத்தில் 1,000 டாலர் வீதம் கொடுத்த கிராமங்களில் குழந்தை இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததாக 2025இல் வந்த ஆய்வு சொல்கிறது. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பணம் வந்த வீடுகளில்தான் பலன் அதிகம். உங்கள் 40 வீட்டில் ஆறு மாசக் கர்ப்பிணி யாராவது இருந்தால் வரிசையில் முன்னால் வையுங்கள்.

பேரேடு

யாரும் பணம் போய்ச் சேரும் வழியைப் பற்றிப் பேசவில்லை. அங்கேதான் முதல் மாசம் பாதி நேரம் போகும்.

ஜன்தன் காலத்தில் முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த ‘சிறு கணக்கு’ பலரிடம் இன்னும் உண்டு. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வருஷத்தில் மொத்த வரவு 1 லட்சம், மாசம் எடுக்கக்கூடியது 10,000. நீங்கள் 30,000 போட்டால் அவர்கள் அதை மூன்று மாசமாகத்தான் எடுக்க முடியும். வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மீதிக்குத் தண்டல் எடுப்பார்கள். ஆதாரும் பான் கார்டோ அதற்குரிய படிவமோ கொடுத்து முழுக் கணக்காக மாற்றியபின் அனுப்புங்கள்.

இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். இணைந்துபோன வங்கிகளின் பழைய பாஸ்புக்கில் பழைய ஐஎஃப்எஸ்சி எண் இருக்கும். முதலில் 1 ரூபாய் அனுப்பி, வந்த பெயர் சரியா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

பெரிய வலி தானாகப் பிடிக்கும் தவணை. ஃபோன், டூவீலர், குழுக்கடன் என்று ஏதோ ஒன்றுக்கு அந்தக் கணக்கில் ஆணை கொடுத்திருப்பார்கள். நாலு மாசத் தவணை பாக்கி, பவுன்ஸ் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு அபராதம் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். பணம் விழுந்த அன்று ராத்திரியே 6,000, 7,000 போய்விடும். 2023இல் உரிமைத் தொகையின் முதல் ஆயிரத்தையே சில வங்கிகள் இப்படிக் கழித்துக்கொண்டு பெரிய சத்தமானது. கடைசி மூன்று மாச வரவு செலவுப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். பணமில்லாமல் தவணை திரும்பியதாக ‘ரிட்டர்ன்’ என்று ஒரு பதிவு இருந்தால், வேறு வங்கியில் கட்டணமில்லாப் புதுக் கணக்கு திறந்து அதில் போடுங்கள்.

ரொக்கமாகக் கொடுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அறக்கட்டளையின் செலவாக அது ஏற்கப்படாது. அந்த 12 லட்சத்தில் வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய் கலந்திருந்தாலும் தனிக் கணக்கு; 2020க்குப் பிறகு அதை வேறொரு அமைப்பு வழியாகத் திருப்பிவிடவும் முடியாது. தேர்ந்தெடுத்த விதத்துக்கு ஒரு தீர்மானம், பெற்றவர் கையெழுத்து, வங்கி எண். அதற்குமேல் ‘என்ன வாங்கினீர்கள், பில் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். கேட்டால் பக்கத்துக் கடையில் பில் வாங்கிக் கொடுப்பார்கள், உங்கள் கோப்பு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஐயப்பாடு

40 பேருக்கு 30,000 என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வங்கதேசத்தில் மிக ஏழைகளுக்கு மாடு கொடுத்த திட்டத்தை 11 வருஷம் தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஒரு வாசற்படி தெரிகிறது. மாட்டோடு சேர்த்து மொத்த உடைமை ஓர் அளவைத் தாண்டியவர்கள் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே நின்றவர்கள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே இறங்கினார்கள். எல்லாருக்கும் கிடைத்தது ஒரே மாதிரி மாடுதான். ஏற்கெனவே சிறிது உடைமை இருந்தவர்களுக்கு அது படியைத் தாண்ட உதவியது.

வியாசர்பாடியில் படி எங்கே இருக்கிறது என்று நீங்களே விசாரித்துக் கண்டுபிடிக்கலாம். தையல் கடைக்கு மோட்டார் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், கடை அட்வான்ஸ் மூன்றும் வேண்டும். மெஷின் மட்டும் இருந்தால் அவர் இன்னொருவர் கொடுக்கும் பீஸுக்குத் தைப்பவர்தான். அந்த மூன்றின் விலை 55,000 என்று வந்தால் 30,000 என்பது பாதிக் கிணறு. 20 பேருக்கு 60,000 கொடுங்கள்.

தராசுமுள்

ஐயப்பாடு சொல்வது தொழில் வைக்கப் போகிறவர்களுக்குச் சரி. ஆனால் நகரத்தில் பணம் பெறும் எல்லாரும் தொழில் வைப்பதில்லை. சிலருக்குப் படி என்பது மகனின் ஐடிஐ சேர்க்கை, சிலருக்கு டிரைவிங் லைசென்ஸ், சிலருக்கு மீட்ட நகை. அவர்களுக்கு 30,000 தாராளம். எந்த வீட்டுக்கு எது என்று நீங்கள் தீர்மானிக்கத் தொடங்கினால் பழையபடி தையல் மெஷின் வாங்கித் தருவதில்தான் வந்து நிற்பீர்கள். வேண்டுமானால் 30 பேருக்கு 40,000.

அளப்பதைப் பற்றி. 40 பேர் பெற்றவர், 40 பேர் பெறாதவர் என்று ஒப்பிட்டால், வித்தியாசம் திட்ட விலக்கத்தில் (வீட்டுக்கு வீடு வருமானம் எவ்வளவு மாறுபடுகிறது என்பதன் அளவு) 0.63 பங்குக்கு மேல் இருந்தால்தான் தெரியும். வீட்டு வருமானத்தின் திட்ட விலக்கம் 8,000 என்று வையுங்கள்: மாசம் 5,000 கூடினால்தான் ‘கூடியது’ என்று சொல்ல முடியும். இலங்கை விகிதத்தில் 30,000க்கு மாசம் 1,500 தான் வரும். அதைப் பிடிக்கப் பெற்றவர் 450 வீடு, பெறாதவர் 450 வீடு வேண்டும். உங்களால் ஆகாது. ‘எங்கள் திட்டம் வென்றது’ என்றோ ‘தோற்றது’ என்றோ அறிக்கை எழுதாதீர்கள், இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது. உங்களால் முடிந்தது, 40 வீட்டையும் வருஷம் இரண்டு தடவை ஒரே கேள்வியோடு பார்ப்பது. அதிலிருந்து எங்கே கசிந்தது என்று தெரியும்.

லாபத்தைக் கேட்கும்போது நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதச் சொல்ல வேண்டாம். அதே இலங்கை ஆய்வாளர்கள் இரண்டு முறையையும் ஒப்பிட்டார்கள். விற்பனையை ஆட்கள் சுமார் 30 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். நேரடிக் கேள்விதான் தேவலை: ‘சரக்கு, வாடகை, கேஸ், ஆள் கூலி எல்லாம் போக, போன மாசம் உங்கள் கைக்கு எவ்வளவு நின்றது?’ வீட்டுக்கு எடுத்த அரிசியும் முட்டையும் அதில் சேர்த்தியா என்று கட்டாயம் கேளுங்கள். மளிகை, டிபன் கடைகளில் லாபத்தில் பெரும்பங்கு அப்படித்தான் வீட்டுக்குள் போகிறது.

சிற்றுதவி

30 பேர், 40,000, தை மாசம் என்று எடுத்துப் போகிறேன். பெறாத 30 வீட்டுக்கு அடுத்த வருஷம் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், மனசு கேட்கவில்லை என்று.

தராசுமுள்

கொடுங்கள். கொடுத்த அன்றோடு நீண்ட கால ஒப்பீடு முடிந்துவிடும், ஆனால் 30 வீட்டில் அந்த ஒப்பீடு எப்படியும் நிற்கப் போவதில்லை, இழப்பு ஒன்றுமில்லை. குலுக்கலை மட்டும் எல்லார் முன்னாலும் போடுங்கள். சீட்டை அந்தத் தெருக் குழந்தை ஒன்று எடுக்கட்டும், முதல் சுற்று யார், இரண்டாம் சுற்று யார் என்று அங்கேயே சுவரில் ஒட்டுங்கள்.

கொத்தவால்கணக்கு

ஒண்ணே ஒண்ணு. அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்க்கணும்னா அந்த வீடு அங்கயே இருக்காது. பாதிப் பேரு பெரும்பாக்கம், எழில் நகர், கண்ணகி நகர்னு போயிருப்பாங்க, ஃபோன் நம்பர் ரீசார்ஜ் பண்ணாம செத்திருக்கும். இப்பவே ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு நம்பர் வாங்கிக்கோங்க: அவங்களோடது, கூடப் பொறந்தவங்க ஒருத்தரோடது, சொந்த ஊர்ல இருக்கற யாராவது ஒரு பெரியவரோடது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, பொங்கலுக்கு ஒண்ணு, ஸ்கூல் தொறக்கறப்ப ஒண்ணு, சும்மா ஒரு ஃபோன் போட்டுப் பேசுங்க. எடுக்கலைன்னா அன்னிக்கே அடுத்த நம்பர். ஆறு மாசம் விட்டுட்டுத் தேடினா கிடைக்காது.